பாரச் சோதனை

மேல்தட்டில் ஆயிரத்து எண்ணூறு கிலோ
ஒரு மணி நேரம் நிற்க வேண்டும்.
அப்புறம்தான் கையெழுத்து என்றார் நிலோஃபர்.
எஞ்சினியர், பரங்கிப்பேட்டைக்காரர்,
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
மணலில் நடக்கிறவர்.

மூட்டை அடுக்கலாம் என்றோம்.
மூட்டைக்கு மணல் வேண்டும்.
சோனாங்குப்பத்தில் கண்ணுக்கெட்டியவரை மணல்தான்,
அள்ளினால் வழக்கு.

முன்னாலிருந்து சொல்ல வேண்டும்.
கருவாட்டுக்கு ஒரு கூடம் கேட்டோம்:
கீழே ஏலம், மேலே உலர்த்தும் தட்டு.
படத்தில் சவுக்கு மரங்களை
இரும்பு போல்ட்டு போட்டு முடுக்கியிருந்தது.
மாதிரிக்கு நட்ட ஒரு காலோடு வேலை நின்றது.
பணம் வந்து சேர இரண்டு ஐப்பசி ஆனது.
அதற்குள் போல்ட்டின் தலை
வறுத்த நெத்திலி போல விரலோடு உதிர்ந்தது.

பார்த்துக்கொண்டிருந்த தேசப்பன்
பீடியை அணைத்துவிட்டு
தேங்காய்நார்க் கயிறு இரண்டு பாகம் கேட்டார்.
கட்டுமரத்துக்குப் போடுகிற கட்டு.
இரண்டு சுற்று, குறுக்கே ஒரு நெரி,
காலால் உதைத்து ஓர் இழுப்பு.
"நனைஞ்சா இறுகும். காத்தடிச்சா
கொஞ்சம் குடுக்கும், அப்பறம் வாங்கிக்கும்."
நிலோஃபர் அவிழ்த்துப் பார்த்தார்.
அவிழவில்லை.
அன்று இரவே படத்திலிருந்த
இருநூற்றுப் பதினாறு போல்ட்டையும்
தன் கையால் அழித்தார்.

கட்டுப் போட வந்தவர்கள் எல்லாம்
ஃபைபர் படகு ஓட்டுகிறவர்கள்.
கை தயங்கவில்லை. வாய்தான்
"இதுக்கெல்லாம் யாரு கூலி குடுப்பா" என்றது.
கொடுத்தோம், கட்டு ஒன்றுக்கு நாற்பது ரூபாய்.
கணக்கு நோட்டில் கயிறுக்கு ஒரு பக்கம்,
முடிச்சுக்குத் தனியாக ஒரு பக்கம்.
படிவத்தில் 'தயாரிப்பு நிறுவனம்' என்ற கட்டத்தில்
தேசப்பன் என்று எழுதினார் நிலோஃபர்.
திருப்பி அனுப்பினார்கள்.
மறுபடி அதையே எழுதினார்.

மணலுக்குப் பதில் நாமே ஏறிவிடலாம்
என்று சொன்னது செங்கேணி.
துறைமுகத்திலிருந்து என் தராசு
மீன்பாடி வண்டியில் வந்தது.
நான் எடைக்காரி. இருபத்திரண்டு வருஷமாக
வஞ்சிரம், பாறை, சூரை, ஐஸ் கழித்து எடை.
அன்றைக்கு மனுஷ எடை.

குணவதி ஐம்பத்து நாலு.
பரிபூரணம் எழுபத்தொன்று,
"கூடையோடன்னு எழுது." கையில் கூடை இல்லை.
ஒற்றைக் காலை மட்டும் தராசில் வைத்து
இது போதும், எழுதிக்கோ என்றாள் செங்கேணி.
இரண்டு காலும் வைத்தபோது எண்பத்திரண்டு.
பெயரும் எடையுமாக
நடுக்காலில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதிக்கொண்டே போனேன்.

தேசப்பனை ஏறச் சொன்னோம்.
"கட்டினவன் மேல நின்னா அது சோதனையா?"
தட்டுக்கு நேர் கீழே போய்
குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.
அளவுகோலோடு நிலோஃபரும்
அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கூட்டினால் ஆயிரத்து எழுநூற்று நாற்பது.
அறுபது குறைகிறது.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

தராசின் இந்தப் பக்கமே நின்று பழகிய உடம்பு.
அந்தப் பக்கம் போக ஓரடிதான்.
முள்ளை யார் படிப்பது?
குணவதியின் மகன் படித்தான்,
ஏலம் விடுகிற குரலில், தெருவுக்கே கேட்க.
அறுபத்து மூணு.

ஏணி. தட்டு. இருபத்தெட்டுப் பேரின் வியர்வை.
பாரம் ஏற்றிய மரம்
முதல் அலையில் இறங்கும்போது முனகுமே,
அப்படி முனகின கட்டுகள்.
பிறகு வாயை மூடிக்கொண்டன.
கால் மணி நேரம் யாரும் பேசவில்லை.
அப்புறம் யாருக்கு யார் கடன் என்று பேச்சு வந்தது.
கெடிலம் கடலில் சேரும் வாய் தெரிந்தது.
அது அவ்வளவு அகலம் என்று
எனக்கு அதுவரை தெரியாது.

"ஆறு மில்லி" என்றது கீழேயிருந்து குரல்.
வெகுநேரம் கழித்து,
"ஆறேதான்."

இப்போது கூடத்துக்குக் கல்வெட்டு வேண்டுமாம்.
யார் பெயர் முதலில் என்று தினமும் பஞ்சாயத்து.
நடுக்காலில் சுண்ணாம்பு எழுத்து அப்படியே இருக்கிறது,
அதன்மேல் வார்னிஷ் அடித்துவிடுங்கள், போதும் என்கிறோம்.
செங்கேணி மட்டும்
நாலு கிலோ குறைத்தால்தான்
சம்மதம் என்கிறாள்.